செயற்கைக்காலோடு நாள் முழுக்க நின்று வேலை: நிறுவனத்திடம் எப்படிக் கேட்பது?

மானிப்பாய்த் தம்பி:
வணக்கம். யாழ்ப்பாண ரவுணில் ஒரு தனியார் நிறுவனத்தில் கவுண்டர் வேலை செய்கிறேன். இடது காலில் முழங்காலுக்குக் கீழே செயற்கைக்கால். இவ்வளவு காலமும் கீழ்த்தளத்தில் கதிரையில் இருந்து செய்தேன், ஒரு குறையும் இல்லை. இப்போது மேல்மாடிக்கு மாற்றிவிட்டார்கள், லிப்ட் கிடையாது, அங்கே எல்லாரும் நின்றுதான் வேலை செய்ய வேண்டுமாம். பின்னேரமானால் கால் வீங்கி, சொக்கற் (செயற்கைக்காலில் மிச்சக் காலை நுழைக்கும் கிண்ணம்) உரசித் தோல் புண்ணாகிறது. மனேஜரிடம் சொன்னேன், "பார்ப்போம்" என்றார், அவ்வளவுதான். டொக்டரின் கடிதம் கொடுத்தால் அதையே காட்டி வேலையால் நிறுத்திவிடுவார்களோ?

கோண்டாவில் அக்கா:
தம்பி, "இலேசான வேலை கொடுக்கவும்" என்று ஒரு வரி மட்டும் வாங்கி வராதீர்கள், அதை வைத்து யாரும் எதையும் சொல்லலாம். உங்கள் வேலையை உங்களால் செய்ய முடியும் என்பது முதலில் வரட்டும். அப்புறம் ஒரேயடியாக எவ்வளவு நேரம் நிற்கலாம், படி ஏறலாமா, கதிரையும் கீழ்த்தளமும் ஏன் தேவை, இடையில் காலைக் கழற்றித் தோலைப் பார்க்கக் கொஞ்ச நேரம், மறுபடி எப்போது பரிசோதனை, இவ்வளவும் இருக்க வேண்டும். டொக்டருக்கு உங்கள் கவுண்டர் தெரியாது, அதனால் வேலை நேரம், படிகள், தூக்குகிற பாரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கிளினிக் கொப்பி முழுவதையும் நிறுவனத்துக்குக் கொடுக்கத் தேவையில்லை. சொக்கற் பொருந்துகிறதா என்றும் கால் செய்த இடத்தில் காட்டுங்கள், புண்ணோடு மாட்டித் திரிய வேண்டாம்.

நல்லூரான்:
அக்கா சொன்னது சரி. கூடவே உங்கள் பெயரில் ஒரு கோரிக்கைக் கடிதமும் வேண்டும், வாயால் சொன்னது எங்கும் பதியாது. பழைய கவுண்டர், அது முடியாவிட்டால் கீழ்த்தளத்தில் இருந்து செய்யக்கூடிய வேறு வேலை என்று இரண்டு வழி காட்டுங்கள், ஒரு மாதம் செய்து பார்ப்போம் என்றும் கேட்கலாம். பிரதியில் கிடைத்ததற்கான கையொப்பமும் திகதியும் வாங்குங்கள், தராவிட்டால் பதிவுத்தபாலில் அனுப்புங்கள்.

சுன்னாகம் அண்ணை:
நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்துக்கு: 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் அவரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். இது உங்களுக்குப் பொருந்த, முந்திய 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். ஆகவே அவசரப்படுத்தி நீட்டுகிற எந்தத் தாளிலும், முக்கியமாக விலகல் கடிதத்தில், கையொப்பம் வைக்காதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வேலைக்குச் சேர்ப்பதில் பாகுபாடு கூடாது என்கிறது. ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்குச் செய்ய வேண்டிய நியாயமான ஏற்பாடு, இலங்கை 2016இல் ஏற்றுறுதிப்படுத்திய, மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐநா சமவாயத்தில் வருகிறது. கோரிக்கைக் கடிதத்தில் அதைக் குறிப்பிடுங்கள். பதில் வராவிட்டால் பிரதிகளோடு யாழ்ப்பாணத் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள்.