பாஸ்டர் கேட்ட ஜாமீன் கையெழுத்து – மறுத்தால் தப்பா?

மழைத்துளி:
என் கணவர் எட்டு வருடமாக எங்கள் பாஸ்டருக்கு வலதுகை. சபையில் மைக் செட் முதல் கணக்கு வரை அவர்தான், பாஸ்டர் வெளியூர் கூட்டத்துக்குப் போனால் வண்டி ஓட்டுவதும் அவர்தான். நானும் ஒதுங்கி நின்றவள் இல்லை, ஞாயிறு பள்ளி எடுக்கிறேன், வருகிற ஊழியக்காரர்கள் எங்கள் வீட்டில்தான் தங்குவார்கள், எத்தனையோ இரவு பிள்ளைகள் கட்டிலை விட்டுக்கொடுத்துத் தரையில் படுத்திருக்கிறார்கள். தசமபாகம் போக பாஸ்டர் குடும்பத்துக்கென்று மாதாமாதம் தனியாகவும் கொடுக்கிறோம். இதெல்லாம் சந்தோஷமாகச் செய்ததுதான். இப்போது ஆலயம் கட்ட லோன் போடுகிறார்கள், இவரை ஜாமீன் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டு வந்த பிறகுதான் என்னிடம் சொன்னார். மகள் பள்ளிக்கு நிரப்பிய படிவத்தில், அப்பாவைச் சந்திக்க ஏற்ற நேரம் என்ற இடத்தில் ‘கூட்டம் இல்லாத நாள்’ என்று எழுதியிருந்தாள். படித்துச் சிரித்துவிட்டு, அப்புறம் அடுப்படியில் போய் அழுதேன். வேண்டாம் என்று சொன்னால் விசுவாசக் குறைவா?

பழைய பொருளாளர்:
சிஸ்டர், ஜாமீன் என்பது சாட்சிக் கையெழுத்து இல்லை. தவணை நின்றால் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். பாஸ்டர் மாற்றலாகிப் போனாலும், சபை இரண்டாக உடைந்தாலும் அந்தக் கையெழுத்து அப்படியே நிற்கும். எங்கள் சபை உடைந்தது. இரண்டு பக்கத்தாரும் எனக்காக ஜெபித்தார்கள், தவணையை நான் கட்டினேன். நீதிமொழிகள் 6-ஐ இன்று ராத்திரி உங்கள் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து வாசியுங்கள். பிணைப்பட்டவன் தூங்காமல் போய்க் கெஞ்சியாவது விடுபடட்டும் என்றுதான் இருக்கிறது.

ஓரத்து பெஞ்ச்:
எல்லாரும் இப்படிக் கணக்குப் பார்த்தால் ஊழியம் எப்படி நடக்கும்? பைபிளில் பிலிப்பி சபை அனுப்பிய எப்பாப்பிரோதீத்து, பவுலுக்கு உதவப் போய்ச் சாகக் கிடந்தார். தியாகம் என்றால் வலிக்கத்தான் செய்யும் அக்கா.

ஒரு போதகரின் மனைவி:
தம்பி, அது வருகிற பிலிப்பியர் 2-ஆம் அதிகாரத்தை முழுசாக வாசியுங்கள். எப்பாப்பிரோதீத்து வியாதிப்பட்டதைப் பிலிப்பி சபையார் கேள்விப்பட்டார்கள் என்று அவருக்கே வியாகுலம், அதனால் பவுல் அவரைச் சீக்கிரமாக ஊருக்கு அனுப்பிவைத்தார். இன்னும் கொஞ்சம் இரு என்று பிடித்து வைக்கவில்லை.

சிஸ்டர், நான் மறுபக்கத்தில் இருப்பவள், அதனால் சொல்கிறேன். பிறர் கொடுப்பதில் வாழ்கிறவர்களுக்குக் கொடுப்பவர் வீட்டு நிலவரம் பாதி தெரியாது. எங்களுக்காக ஒரு குடும்பம் நகையை அடகு வைத்தது இரண்டு வருடம் கழித்து வேறொருவர் சொல்லித்தான் காதில் விழுந்தது. அன்று முதல் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குக் கூச்சம். சொல்லியிருந்தால் வாங்கியே இருக்க மாட்டோம். (எல்லா ஊழியக்காரர் வீட்டிலும் அப்படித்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.)

மிஷனரி வில்லியம் கேரி 1793-ல் இந்தியாவுக்கு வந்தார், கிணற்றில் இறங்குகிறவனுக்கு மேலே நின்று கயிறு பிடிப்பதுபோல அவருக்காக இங்கிலாந்தில் கயிறு பிடித்தவர் ஆண்ட்ரூ ஃபுல்லர், 1815-ல் சாகும்வரை ஊர் ஊராய்ப் போய் மிஷனுக்குப் பணம் திரட்டினார் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். கேரியின் மனைவி டாரதி முதலில் வர மறுத்ததையும், கடைசி நேரத்தில் சம்மதிக்க வைத்துக் கூட்டி வந்ததையும், 1794-ல் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்ததையும், பிறகு டாரதி மனம் பேதலித்து 1807-ல் இறந்ததையும் அவ்வளவாகச் சொல்ல மாட்டார்கள். ஃபுல்லர் தானே ஒப்புக்கொண்டு பிடித்தார். டாரதியின் கையில் கயிற்றைக் கட்டிவிட்டார்கள். உங்கள் கையில் எது என்று பாருங்கள். கொடுப்பதை நிறுத்த வேண்டாம், கையெழுத்தை நிறுத்துங்கள். ஆனால் உங்கள் கணவரை மட்டும் அனுப்பாதீர்கள், பாஸ்டர் முகத்தைப் பார்த்ததும் தலையாட்டிவிடுவார்.

மழைத்துளி:
எல்லாருக்கும் நன்றி. ராத்திரி வாசித்தோம். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம் ‘எனக்கும் பயம்தான், இல்லை என்று சொல்லத்தான் வரவில்லை’ என்றார். எட்டு வருடத்தில் இதை இன்றுதான் கேட்கிறேன். நாளை சாயங்காலம் இரண்டு பேரும் பாஸ்டர் வீட்டுக்குப் போகிறோம். அங்கே நான்தான் பேச வேண்டுமாம்.