உகந்தையிலிருந்து கதிர்காமம்: காட்டுப் பாதையில் என்ன இருக்கிறது?

களுவாஞ்சிக்குடியான்:
இந்த ஆடிக்கு, கிழக்குக் கரையிலிருக்கும் உகந்தை முருகன் கோவிலிலிருந்து கதிர்காமத்துக்குக் காட்டு வழியே யாத்திரையாக நடக்க யோசிக்கிறேன். சாமி கும்பிடுவது ஒரு பக்கம், காட்டையும் ஆறுதலாகப் பார்க்க ஆசை. கூட்டாளி ஒருவன், "அது பாலைவனமடா, முள்ளும் மணலும்தான்" என்கிறான். உண்மையா? செருப்பு போதுமா, சப்பாத்து வேண்டுமா?

திருக்கோவில் அக்கா:
தம்பி, உங்கள் கூட்டாளி அந்தப் பாதை போகும் கூமுனைக் காட்டுப் பக்கம் போனதே இல்லைப் போல. மாரியில் அந்தக் காடு முழுக்கத் தண்ணீர்தான். பிறகு கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கத் தொடங்கினால் எல்லாம் காய்ந்துவிடும். நாம் நடப்பது அந்தக் காலத்தில், அதனால்தான் இந்தக் கதை.

பாலையும் வீரையும்தான் அங்கே பெரிய மரங்கள். யாத்திரை நேரம் பாலை பழுத்திருக்கும். மஞ்சளாகச் சின்னப் பழம், தேன் போல இனிப்பு. ஆனால் அதன் பால் உதட்டில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும், தண்ணீருக்கும் லேசில் போகாது. மரமில்லாத வெட்டைகளில் ஆவரசு மஞ்சளாகப் பூத்திருக்கும். அந்தப் பூவைக் காயவைத்து அவித்துக் குடித்தால் வெயில் சூட்டுக்கு நல்லது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள்.

விடத்தலை என்ற முள்மரத்தைக் கிட்ட நின்று பாருங்கள். ஒரே பூவில் மேல்பாதி இளஞ்சிவப்பு, கீழ்ப்பாதி மஞ்சள், குஞ்சம் போலத் தொங்கும். அழகுதான், ஆனால் அதன் முள் ரப்பர் செருப்பைத் துளைத்து உள்ளங்காலுக்கு வந்துவிடும். தடித்த அடியுள்ள சப்பாத்துப் போடுங்கள். புதிதாக வாங்கினால் முதலே ஊருக்குள் நடந்து பழகிவிடுங்கள், இல்லாவிட்டால் வழியில் தங்கும் நாவலடி வரமுன்னமே கொப்புளம்.

எல்லோரும் யானைக்குத்தான் பயப்படுகிறார்கள். எனக்கென்றால் கும்புக்கன் ஆறு தாண்டின பிறகு வரும் வெட்டைதான் பயம். நிழலே இல்லை, சுடுமணல். விடிய முன்னமே வெளிக்கிட்டு, வெயில் ஏறமுன் அதைக் கடந்துவிட வேண்டும். ஆற்றங்கரையில் மருத மரங்கள் நெருக்கமாக நிற்கும். தூரத்தில் அந்தப் பச்சை வரிசை தெரிந்தாலே ஆறு கிட்ட என்று அர்த்தம். ஆறு வற்றியிருந்தாலும் மணலில் கையால் தோண்டினால் ஊற்று வரும். கலங்கல் தெளியட்டும், வடித்துக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். முதலை இருக்கும் மடுக்களில் மட்டும் இறங்காதீர்கள்.

பொத்துவில் வாசகன்:
அக்கா சொல்லாத ஒன்று: நினைத்த நேரம் நடக்க முடியாது. பாதை போகும் கூமுனையும் யாலவும் தேசிய பூங்காக்கள். யாத்திரைக்காகப் பாதை திறக்கும் அந்தச் சில நாட்கள் மட்டும்தான், திகதியை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மற்றக் காலத்தில் ஜீப்பில்தான் உள்ளே போகலாம். நடக்கத்தான் வேண்டுமென்றால், பாணமைக்கும் உகந்தைக்கும் இடையில் குடும்பிகல என்ற மலை இருக்கிறது. உச்சிப் பாறையில் ஏறினால் ஒரு பக்கம் காடு, மறுபக்கம் கடல்.

களுவாஞ்சிக்குடியான்:
நன்றி இருவருக்கும். பாலைப்பழத்துக்குக் கரடி வருமாமே?

திருக்கோவில் அக்கா:
வரும். பழம் பொறுக்கவென்று கூட்டத்தை விட்டுத் தனியே போகாதீர்கள்.