வயலின் கன்செர்ட்டோவை ஃப்ளூட்டில் கேட்டவர்கள் வாங்க, உங்களுக்கு எப்படி இருந்தது?

மேல்ஸ்தாயி:
ஆர்மீனிய இசையமைப்பாளர் கச்சதூரியனின் வயலின் கன்செர்ட்டோவை (ஆர்கெஸ்ட்ராவோடு ஒரு தனி வயலின் வாசிக்கும் படைப்பு) ஃப்ளூட்டில் நேரில் கேட்டேன். வாசித்தவர் பெயரைச் சொன்னால் பேச்சு முழுக்க அவரைப் பற்றியே போய்விடும், அதனால் சொல்லவில்லை. மேடையைவிட என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள்தான் எனக்கு வேடிக்கை. முதல் மூவ்மென்ட் (பகுதி) முடிந்ததுமே சிலர் கைதட்டிவிட்டார்கள். வழக்கமாக 'உஷ்' என்று அதட்டுகிற ஆட்களும் சேர்ந்து தட்டினார்கள்! இடைவேளையில் ஒருவர் "இது சர்க்கஸ்" என்று உதட்டைப் பிதுக்கினார். அவருக்குப் பக்கத்து இருக்கை அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்னக் கதைச்சுருக்கம். 1940-இல் வயலின் மேதை டேவிட் ஆய்ஸ்ட்ராக்குக்காக எழுதப்பட்ட கன்செர்ட்டோ இது. பிறகு பிரெஞ்சு ஃப்ளூட் மேதை ழான்-பியர் ராம்பால், "எனக்கும் ஒன்று எழுதித் தாருங்கள்" என்று கேட்டிருக்கிறார். வயலினுக்கு எழுதியதையே மாற்றி வாசித்துக்கொள்ளலாமே என்று கச்சதூரியனே வழிகாட்ட, 1968-இல் ராம்பால் அதை ஃப்ளூட்டுக்கு மாற்றினார். ஆக, இது திருட்டுப் பண்டம் இல்லை. எழுதியவரின் சம்மதத்தோடு வந்தது.

உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். "அருமை, அற்புதம்" மட்டும் போதாது. எந்த இடத்தில் என்ன ஆனது என்று சொல்லுங்கள்.

நாலாம் தந்தி:
நான் வயலின் கற்றவள். அதனால் கொஞ்சம் சண்டை மனநிலையோடுதான் போய் உட்கார்ந்தேன். நான் கேட்டது மெண்டல்சனின் இ மைனர் கன்செர்ட்டோ (1844).

அதில் முதல் மூவ்மென்ட்டின் இரண்டாவது மெட்டு எனக்கு உயிர். அந்த மெட்டை முதலில் வாசிப்பது தனி வயலின் கிடையாது. ஆர்கெஸ்ட்ராவில் இருக்கும் ஃப்ளூட்டும் கிளாரினெட்டும்தான். அவர்கள் மெல்லப் பாடிக்கொண்டிருக்க, வயலின் தன் தடித்த தந்தியில் விரல் வைக்காமல் அடி 'ஜி' ஸ்வரத்தை மட்டும் நீட்டிப் பிடித்துக்கொண்டு கீழே நிற்கும். அத்தனை பேரும் பார்க்க வந்த நட்சத்திரத்தைத் தம்புராவாக்கி உட்காரவைத்துவிடுகிறார் மனுஷன்!

இப்போது சிக்கலைப் பாருங்கள். அந்த 'ஜி' ஃப்ளூட்டில் கிடையவே கிடையாது. நடு 'சி'யோடு அதற்குத் தரை தட்டிவிடும். நீளமான அடித்துண்டு பொருத்திய ஃப்ளூட் என்றால் கூடுதலாக ஒரு 'பி' கிடைக்கும், அவ்வளவுதான். அன்று வாசித்தவர் அதை ஒரு ஸ்தாயி மேலே தூக்கி வாசித்தார். மெட்டுக்கு அடியில் கிடக்க வேண்டிய ஸ்வரம் மெட்டோடு உரசிக்கொண்டு நின்றது. முன்னாலும் ஃப்ளூட், பின்னாலும் ஃப்ளூட். யார் பாடுகிறார்கள், யார் தாங்குகிறார்கள் என்றே பிரியவில்லை. எனக்குப் பெரிய ஏமாற்றம் அது.

கடென்ஸாவில் (தனிக்கருவி மட்டும் தன் திறமையைக் காட்டும் இடம்) கட்சி மாறிவிட்டேன். அங்கே வயலின் வில் நாலு தந்தி மேலும் துள்ளித் துள்ளிப் போகும். எங்கள் கையில் அது ஒரு சலசலப்பாகத்தான் கேட்கும், அதுவே அழகு. குழலில் ஒவ்வொரு ஸ்வரமும் தனியாக விழுந்தது. அந்த ஓட்டத்துக்கு அடியில் ஆர்கெஸ்ட்ரா முதல் மெட்டைப் பிடித்துக்கொண்டு திரும்ப வருமே, அந்த இடத்தில் ஹார்மனி (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின் போக்கு) எங்கே திரும்புகிறது என்பது எனக்கு அன்றுதான் அவ்வளவு துலக்கமாகக் கேட்டது.

கடைசி வரிசை:
எனக்கு இசை கேட்கவே இல்லைங்க, மூச்சுதான் கேட்டது. எப்போது எடுப்பார், எப்போது எடுப்பார் என்று நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நீண்ட வரி முடிந்து அவர் காற்றை இழுத்தபோது, என் வரிசையில் இருந்த எல்லோரும் சேர்ந்து இழுத்த மாதிரி இருந்தது. இது ரசனையா, பதற்றமா? யாராவது சொல்லுங்கள்.

மூச்சுப்பை:
@கடைசி வரிசை, இரண்டும்தான் தம்பி. நான் ஃப்ளூட் வாசிக்கிறவன், என் பக்கத்து நியாயத்தைச் சொல்கிறேன்.

வில்லுக்குத் திசை மாறினால் போதும், சத்தம் அறாது. எங்களுக்கு அந்த வசதி இல்லை. ஓபோ என்ற ஊதுகருவியில் காற்று ஒரு குறுகிய சீவாளி வழியாகத்தான் போக முடியும், அதனால் மிச்சமாகிவிடும். ஃப்ளூட்டில் தடுக்க எதுவுமே இல்லை. துளையின் விளிம்பில் மோதும் காற்றில் ஒரு பங்கு உள்ளே போகாமல் வெளியேயே போய்விடும். அதனால் சீக்கிரம் தீரும். வயலினுக்கு எழுதியவர் மூச்சை நினைத்து எழுதியிருக்க மாட்டார் இல்லையா? கச்சதூரியனின் கடைசி மூவ்மென்ட் நிற்காத ஓட்டம். அதில் ஒரு ஸ்வரத்தை ஓசைப்படாமல் முழுங்கித்தான் மூச்சுக்கு இடம் பண்ண வேண்டும். எந்த ஸ்வரத்தைப் பலி கொடுக்கிறார் என்பதில்தான் ஆளுடைய ரசனை தெரியும். சிலர் கன்னத்தில் காற்றைத் தேக்கி வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் இழுத்துக்கொள்வார்கள். அந்த வித்தை கைவந்தால் வரி அறாமல் போகும். எனக்கென்னவோ மூச்சே எடுக்காத வாசிப்பைக் கேட்டால் அலுத்துவிடுகிறது. கேட்கிறவனும் மூச்சு விடணுமே!

வேகமான ஸ்வரங்களுக்கு நாக்கு 'து-கு து-கு' என்று அடிக்கும். முன்வரிசையில் உட்கார்ந்தால் அந்தச் சத்தம்கூடக் காதில் விழும். சர்க்கஸ் என்று சொன்னவர் அதைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்.

இன்னொன்று, இதை யாருமே கவனிப்பதில்லை. ஃப்ளூட்டின் கீழ்ஸ்தாயி மிருதுவானது, ஆர்கெஸ்ட்ரா கொஞ்சம் குரல் உயர்த்தினாலும் அமுங்கிவிடும். வயலினுக்கோ அடித்தந்தியில்தான் கம்பீரமே. அதனால் இப்படிப்பட்ட கச்சேரியில் பாதி வெற்றி ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர் கையில். வாசிப்பவரைப் புகழும்போது அவருக்கும் ஒரு பங்கு கொடுங்கள்.

பழைய ரெக்கார்டு:
"வயலினுக்கு எழுதியதை வயலினில்தான் வாசிக்கணும்" என்று யாராவது வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். பாக் தன் வயலின் கன்செர்ட்டோக்களையே, பியானோவுக்கு முந்தைய விசைக்கருவியான ஹார்ப்சிகார்டுக்கு மாற்றியவர். பீத்தோவன் தன் ஒரே வயலின் கன்செர்ட்டோவைப் பியானோவுக்கு மாற்றி எழுதினார். எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது: ப்ரோகோஃபியெவ் 1943-இல் முடித்த ஃப்ளூட் சொனாட்டாவை (ஃப்ளூட்டும் பியானோவும் வாசிப்பது) அடுத்த ஆண்டே வயலினுக்கு மாற்றினார். மாற்றச் சொல்லித் தூண்டியது யார் தெரியுமா? மேலே சொன்ன அதே ஆய்ஸ்ட்ராக்! இன்று அந்தச் சொனாட்டாவை வயலினில் மட்டும் கேட்டுப் பழகியவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் யாரும் வயலினைத் திட்டி நான் பார்த்ததில்லை.

என் அனுபவம் கச்சேரி அல்ல, ரெக்கார்டு. ஜேம்ஸ் கால்வே விவால்டியின் 'நான்கு பருவங்கள்' என்ற வயலின் கன்செர்ட்டோத் தொகுப்பை ஃப்ளூட்டில் வாசித்தது. அதில் குளிர்காலத்தின் நடு மூவ்மென்ட்டைப் போட்டுக் கேளுங்கள். மற்ற வயலின்கள் தந்தியை விரலால் சுண்டி மழைத்துளி போடும்; அதன்மேல் ஒரே நீண்ட பாட்டு. அந்த இடத்தில் எனக்கு வயலினைவிடக் குழல்தான் பிடிக்கும். சுண்டுகிற தந்திக்கும் பாடுகிற தந்திக்கும் குரல் ஒன்றுதானே. குழல் வந்தால் மழை வேறு, பாட்டு வேறு என்று பிரிந்து கேட்கிறது. கோடைக்காலத்துப் புயலை மட்டும் வயலினுக்கே விட்டிருக்கலாம். அந்த முரட்டுத்தனத்துக்கு வில் தந்தியைப் பிராண்ட வேண்டும்.

அரைக்காது:
எல்லோரும் வயலினில் கேட்டுவிட்டு ஃப்ளூட்டுக்கு வந்தவர்கள் போல. எனக்குத் தலைகீழ். இமானுவேல் பஹூத் வாசித்ததைக் கேட்டுத்தான் கச்சதூரியனையே தெரியும். அது ஃப்ளூட்டுக்கென்றே எழுதியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அப்படித்தான் கேட்டது. இரண்டாவது மூவ்மென்ட்டில் ஆர்மீனிய நாட்டுப்புறச் சாயலோடு ஒரு மெட்டு நெளிந்து நெளிந்து போகுமே, அதை ஊதுகுழல் இல்லாமல் எப்படி நினைக்க முடியும்?

அப்புறம்தான் வயலினில் கேட்டேன். முதல் நிமிஷம், "ஏன் இவ்வளவு எண்ணெய்ப் பிசுக்கு?" என்று தோன்றியது. வயலின்காரர்கள் அடிக்க வராதீர்கள். பிறகு கடென்ஸாவில் இரண்டு தந்தி சேர்ந்து ஒலித்ததும் வாயடைத்துப்போனேன். ஃப்ளூட்டில் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வாசிக்க முடியும் என்பதே அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

நாலாம் தந்தி:
//ஏன் இவ்வளவு எண்ணெய்ப் பிசுக்கு//
அடிக்கத்தான் வந்தேன். கடைசி வரிகளைப் படித்ததும் மன்னித்துவிட்டேன்.

வடதிசை:
நான் மட்டும் இங்கே எதிர்க்கட்சியா? நான் கேட்டது சிபேலியஸின் வயலின் கன்செர்ட்டோ. ஃப்ளூட் கலைஞர் டெனிஸ் பூரியாகோவ் அதை ஃப்ளூட்டுக்கு மாற்றியிருக்கிறார்; நான் கேட்டது வேறொருவர் வாசித்து. விரல் வேகத்துக்கு எழுந்து நின்று கைதட்டினேன், அதில் கஞ்சத்தனம் இல்லை. தொடக்கமும் நன்றாகவே இருந்தது. அடைப்பு மாட்டிச் சத்தத்தை அடக்கிய வயலின்கள் நடுங்கிக்கொண்டிருக்க, மேலே தனிக்குரல் வரும் அந்த இடம் குழலுக்கும் பொருந்துகிறது.

போகப் போகத்தான் பிரச்சினை. சிபேலியஸில் எனக்கு வேண்டியது அந்தக் கஷ்டம். வில் தந்தியை அழுத்தி உராயும்போது ஒரு கரகரப்பு வருமே, வாசிக்கிறவர் எதையோ இழுத்துக்கொண்டு மலையேறுகிற மாதிரி, அது. ஃப்ளூட் எவ்வளவு உரக்க ஊதினாலும் மின்னுகிறது. கடைசி மூவ்மென்ட்டில் கனத்த காலோடு ஆட வேண்டிய நடனம் நுனிக்காலில் ஆடியது. பக்கத்தில் இருந்த நண்பருக்கு அதுதான் பிடித்ததாம். வீடு வரை சண்டை.

மூச்சுப்பை:
@வடதிசை, சிபேலியஸ் விஷயத்தில் உங்கள் கட்சிதான் நானும். கச்சதூரியனில் தாளமும் மெட்டும் முன்னால் நிற்கின்றன, அதனால் கருவி மாறினாலும் தாங்குகிறது. சிபேலியஸில் பாதி அர்த்தம் அந்தத் தந்தியின் உடம்பில் இருக்கிறது.

புதுக்காது:
எல்லாவற்றையும் படித்தேன். இரண்டையும் கேட்டதில்லை. எங்கே தொடங்கலாம்?

மேல்ஸ்தாயி:
@புதுக்காது, கச்சதூரியனில் தொடங்குங்கள், அதுவும் கடைசி மூவ்மென்ட்டில். முழுதும் கேட்க அரைமணிக்கு மேல் ஆகும், முதல் நாளே அது வேண்டாம். முதலில் ராம்பால் வாசித்தது, அடுத்து ஆய்ஸ்ட்ராக் வாசித்தது. நடுவில் வேறு எதையும் கேட்காதீர்கள். அரைக்காதுக்கு ஆனது போல உங்களுக்கும் ஆகிறதா, நாலாம் தந்தி பக்கம் சாய்கிறீர்களா என்று வந்து எழுதுங்கள். மெண்டல்சனை அவசரப்பட்டுக் குழலில் கேட்க வேண்டாம். அந்த அடி 'ஜி'யை ஒருமுறையாவது வயலினில் கேட்டுவிட்டு அப்புறம் போங்கள்.