காந்த ரயில் மிதக்கவில்லை, அவசர உதவி தேவை

கிளி_அக்கா: தம்பியின் பாடசாலைக் கண்காட்சி வெள்ளிக்கிழமை. கொழும்பு–யாழ்ப்பாணம் அதிவேக ரயில் மாதிரி செய்கிறோம். காந்தமெல்லாம் ஒட்டியாயிற்று, ஆனால் ரயில் மிதக்கவில்லை, கவிழ்கிறது. என்ன பிழை? கெதியாகச் சொல்லுங்கள்.

பரந்தன்_பாலா: எந்தக் காந்தம்? எத்தனை? ரயில் எதில் செய்தது?

மாங்குளத்தான்: காந்தத்துக்குப் பலம் போதாது. நியோடிமியம் என்ற பலமான காந்தம் வாங்குங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

கிளி_அக்கா: பழைய ரேடியோ ஸ்பீக்கரில் கழற்றிய வட்டக் காந்தம். பாதையில் 14, ரயிலில் 4. ரயில் ரெஜிபோமில் (பாரமில்லாத வெள்ளை நுரை அட்டை) செய்தது. நியோடிமியம் வாங்க நேரமில்லை அண்ணா.

பரந்தன்_பாலா: பாதையின் இரு பக்கமும் சுவர் இருக்கிறதா?

ஓய்வுபெற்ற_விஞ்ஞான_ஆசிரியர்: கேள்வி கேட்கும்போதே படம் போட்டிருந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். அடிப்படையைப் படிக்காமல் ஒட்டத் தொடங்கினால் இப்படித்தான் ஆகும். நிலையான காந்தங்களை மட்டும் வைத்து ஒன்றை அந்தரத்தில் நிறுத்த முடியாது. 1842இலேயே ஏர்ன்ஷா என்ற ஆங்கிலேய விஞ்ஞானி நிறுவிவிட்டார். பலத்தைக் கூட்டினால் இன்னும் வேகமாகக் கவிழும். பக்கச் சுவர் வையுங்கள். ஜப்பானின் காந்த ரயில்கூட இருபுறமும் சுவருள்ள பாதைக்குள்தான் ஓடுகிறது. 2015இல் மணிக்கு 603 கி.மீ. போனது அதுதான்.

மாங்குளத்தான்: ஜப்பானின் புல்லட் ரயில் 1964இலிருந்து ஓடுகிறதே ஐயா, அதற்குச் சுவரில்லையே?

ஓய்வுபெற்ற_விஞ்ஞான_ஆசிரியர்: அது சில்லில் ஓடுவது! தோக்கியோ–ஒசாகா, தொடக்கத்தில் 210 கி.மீ. வேகம். தண்டவாளம் 1435 மி.மீ. அகலம். மிதப்பது வேறு இனம்.

மாங்குளத்தான்: நம்முடைய இலங்கைத் தண்டவாளம் 1676 மி.மீ. அகலம் கூடியதில் வேகமும் கூடத்தானே வேண்டும்?

வவுனியா_ரயில்_பிரியன்: அகலத்தில் ஒன்றும் இல்லை. வளைவு, சமிக்ஞை, வீதி பாதையைக் குறுக்கிடும் கடவை, இவைதான் வேகத்தைத் தீர்மானிக்கும். ஜப்பானில் அந்தப் பாதையில் வீதிக் கடவையே வைக்கவில்லை. இந்தியாவின் வந்தே பாரத் ரயில் நம்முடைய அகலத்திலேயே மணிக்கு 160 கி.மீ. வரை போகிறது. வன்னியில் காவலில்லாத கடவைகளும், பாதையில் படுத்திருக்கும் மாடுகளும் இருக்கும்வரை வேகம் கேட்க எனக்குப் பயம். முதலில் கேற் போடட்டும்.

மாங்குளத்தான்: கேற் போடும்வரை நாங்கள் பின்தங்கியே இருப்பதா? போரால் 1990இல் நின்ற ரயில் கிளிநொச்சிக்கு 2013இல்தான் திரும்பியது. இன்னும் எத்தனை காலம் காத்திருப்பது?

வவுனியா_ரயில்_பிரியன்: காத்திருக்கச் சொல்லவில்லை தம்பி. கடவையில் போன உயிர்களைப் பார்த்தவன் நான். அதனால்தான் சொல்கிறேன்.

பரந்தன்_பாலா: தங்கச்சி கேட்டதற்கு வருவோம். ஒரு காந்தத்தின் ஒரு முகத்தில் மையால் குறியிட்டு, அந்த முகம் கீழே இருக்க அதைப் பாதையின் ஒவ்வொரு காந்தத்துக்கும் மேலே பிடித்துப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரித் தள்ள வேண்டும். ஒன்று இழுத்தாலும் அது தலைகீழாக ஒட்டியது. அப்புறம் சுவர்: வழுவழுப்பான அட்டை போதும், ரயிலுக்கு இரு பக்கமும் ஒரு நூல் இடைவெளி விடுங்கள். வட்டக் காந்தங்களை நெருக்கி ஒட்டுங்கள். இடைவெளி வந்தால் ரயில் அங்கே இறங்கி நின்றுவிடும்.

கிளி_அக்கா: 9ஆவது தலைகீழ். திருப்பி ஒட்டி, சுவரும் வைத்தோம். மிதக்கிறது!! தம்பி துள்ளுகிறான். தள்ளினால் முறிகண்டி என்று எழுதிய இடத்தில் மட்டும் நிற்கிறது, அங்கே நெருக்கி ஒட்டப் போகிறோம். நன்றி பாலா அண்ணா, நன்றி ஐயா.

மாங்குளத்தான்: முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் எல்லா வாகனமும் நின்று கும்பிட்டுத்தானே போகும் தங்கச்சி, அப்படியே விடுங்கள்.