தரைக்குள்ளால எழும்பின தூண் ஹயர் வானின்ர அடியைக் குத்திப்போட்டுது, செலவு ஆர் தலையில?

முறிகண்டியான்:
சட்டம் தெரிஞ்ச அண்ணையாக்கள் ஒருக்கா இதைப் பாருங்கோ. கிளிநொச்சியில கேடிஎச் (டொயோட்டா ஹைஏஸ்) வான் வச்சு ஹயர் ஓடுறன். ஜேர்மனியால வந்து நிண்ட குடும்பத்தைக் கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு ஏத்திக்கொண்டு போகேக்க, கொழும்பில அவையின்ர சொந்தக்காரர் இருக்கிற பெரிய தொடர்மாடிக்குள்ள போகவேண்டி வந்தது. வாசலில தரைக்குள்ளால எழும்பி இறங்கிற இரும்புத் தூணுகள். முன்னால போன கார்க்காரன் கார்ட் காட்ட, தூண் இறங்கிச்சு. செக்கியூரிட்டி எனக்கும் 'வா' எண்டு கை காட்டினவர். முன் சில்லு தாண்டினதுதான், கீழால ஒரு குத்து. சம்ப் (எஞ்சினுக்குக் கீழ இருக்கிற ஒயில் தட்டு) உடைஞ்சு ஒயில் முழுக்க ரோட்டில. முறிகண்டிப் பிள்ளையாரடியில தேங்காய் உடைச்சுப்போட்டுத்தான் போனது, அது வேற கதை.

'ஒரு தரத்துக்கு ஒரு வாகனம்' எண்டு சிங்களத்திலயும் இங்கிலீசிலயும் போர்ட் கிடக்காம். அதுக்குக் கீழ 'சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பில்லை'. சிவப்பு, பச்சை லைற் இருக்கு, அண்டைக்கு ரெண்டும் எரியேல்லை. சிங்களத்தில என்னவோ எழுதி ஒப்பம் கேட்டவை, நான் வைக்கேல்லை. கரியர் லொறியில ஏத்தி ஏ9 ரோட்டால வானைக் கொண்டுவந்த காசே பெருங்காசு. லீசிங் வேற கட்டவேணும். வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் பிடிச்ச ஹயர் எல்லாம் கை மாறிட்டுது. ஆரிட்டக் கேக்கிறது?

பரந்தன் கராச்:
தம்பி, கேடிஎச்சுக்கு எஞ்சின் முன் சீற்றுக்குக் கீழ, அதுதான் நேரா சம்ப்பில இடிச்சிருக்கு. உந்தத் தூணுக்குக் கிட்ட ரோட்டுக்குள்ள வயர் வளையம் தாட்டிருப்பாங்கள். மேல வாகனம் நிண்டா அது உணர்ந்து தூணை எழும்பவிடாமல் பிடிக்கவேணும். ரோட்டு வெடிச்சு வயர் அறுந்தாலும் பிடிக்காது, உயரமான வண்டியின்ர இரும்பையும் சிலவேளை பிடிக்காது. உடைஞ்ச சம்ப்பை எறிஞ்சுபோடாதை. கழட்ட முதல் அடியில படம் எடு.

கோட்டடி, வவுனியா:
ஒப்பம் வைக்காதது நல்லது. எங்கட நாட்டில இது உரோமன் டச்சுச் சட்டப்படி கவலையீனத்துக்கான நட்டஈட்டு வழக்கு. அவையின்ர கவலையீனத்தை நீங்கள்தான் காட்டவேணும். லைற் எரியாததும் ஆள் கை காட்டினதும் பெரிய பிடி. காருக்குப் பின்னால ஒட்டிக்கொண்டு வந்தனீங்கள் எண்டு சொல்லுவினம். கோடு (நீதிமன்றம்) அதை ஏற்றாலும், 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கட பங்கைக் கழிக்குமே தவிர வழக்கை முழுக்கத் தள்ளாது. போர்ட்டுக்குப் பயப்பிடத் தேவையில்லை. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் உப்பிடியான அறிவித்தல்களுக்காகத்தான் இருக்கு.

வழக்குப் போட 2 வருசம் இருக்கு. ஆனா சம்பவம் நடந்ததும் அவை இருக்கிறதும் கொழும்பு எண்டபடியால் கிளிநொச்சிக் கோட்டில போட ஏலாது, அலைச்சல்தான். அதால முதலில பதிவுத் தபாலில கோரிக்கைக் கடிதம். கமராப் பதிவையும் தூணை ஏத்தி இறக்கிற கொன்ட்ரோலர் பெட்டியின்ர பதிவையும் அழிக்காமல் வைக்கச்சொல்லி இண்டைக்கே எழுதுங்கோ. கமராவில பழசுக்கு மேல புதுசு ஏறிப்போடும், பிறகு இல்லையெண்டு கையை விரிப்பினம்.

லீசிங் வாகனம் எண்டா புல் இன்சூரன்ஸ் இருக்குமே? அவை திருத்தக் காசைத் தந்திட்டு பில்டிங்காரரிட்ட அறவிடலாம். விட்ட ஹயருக்கு அவை தராயினம், அதைக் கடிதத்தில தனியாக் கேளுங்கோ. புக்கிங் மெசேச் ஒண்டையும் அழிக்காதேங்கோ.

லண்டன் மச்சான்:
மான்செஸ்டரில பஸ்ஸுக்குப் பின்னால ஒட்டிப்போய்த் தூணில அடிபட்ட கார்களின்ர வீடியோ எக்கச்சக்கம். இஞ்ச உதுக்கு 10,000 பவுண் வரைக்கும் சிறு கோரிக்கை வழக்கு, லோயர் இல்லாமலே போகலாம்.

கோட்டடி, வவுனியா:
அது உங்க இங்கிலாந்தில. இஞ்ச சின்னத் தொகை எண்டா மத்தியஸ்த சபைக்குப் போட்டுத்தான் கோட்டுக்குப் போகலாம்.

முறிகண்டியான்:
நன்றி அண்ணை. செக்கியூரிட்டி இப்ப கை காட்டேல்லை எண்டு சொல்லுறாராம். கண்டது பின் சீற்றில இருந்த அக்கா, அவ ஜேர்மனிக்குப் போட்டா. எழுதித் தந்தாக் காணுமோ?

கோட்டடி, வவுனியா:
கடிதத்தோட வைக்கக் காணும். வழக்கெண்டு வந்தா ஆள் வந்து சாட்சி சொல்லவேண்டி வரும். முன்னால போன காரின்ர நம்பர் ஆரும் எடுத்தவையோ?