கசிமியர்ஸ் டோல்னி: இவ்வளவு சின்ன ஊரில் ஏன் இத்தனை ஆடம்பரம்?

கேள்வி: விஸ்துலா ஆற்றங்கரையின் இந்தப் போலந்துச் சிற்றூருக்கு இத்தனை அலங்கார வீடுகள் எப்படி வந்தன? பிறகு ஏன் நொடித்துப் போனது?

பதில் 1: எல்லாம் தானியம்தான். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் இங்குள்ள களஞ்சியங்களில் சேர்த்து, ஆற்றுவழியே க்தான்ஸ்க் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். சதுக்கத்தில் 1615-இன் பிசிபிவா குடும்ப வீடுகளை நின்று பாருங்கள். முகப்பில் புனித நிக்கோலஸ், கிறிஸ்டோபர் சிற்பங்கள். வீட்டுச் சொந்தக்காரச் சகோதரர்களின் பெயர்களும் அவையே!

பதில் 2: 1650-களில் சுவீடன் படை சூறையாடியது. ஆனால் உயிரை எடுத்தது 1772-க்குப் பின் விஸ்துலாவின் கீழ்ப்பகுதியைப் பிடித்த அண்டை ஜெர்மானிய அரசான பிரஷ்யா விதித்த சுங்கம் என்பேன். பணம் வற்றியதால் பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்ட ஆளில்லை; அதனால் அவை தப்பின.

பதில் 3: அங்கே போனால், ஊரையொட்டிய கொஜெனியோவி டூவ் பள்ளத்தாக்கையும் பார்க்காமல் விடாதீர்கள். காற்று படியவைத்த நுண்வண்டல் மண். காய்ந்தால் சுவர்போல் நிற்கும், நனைந்தால் கரையும். மழைக்குப் பின் வழுக்கும், பிடிப்புள்ள காலணி தேவை.