இன்வெர்ட்டருக்கு ‘அலையாக்கி’ சரியா வருமா?

வணக்கம் நண்பர்களே,

படகுல ஃப்ரிட்ஜ், மிக்ஸி, மைக்ரோவேவ் ஓட்ட மின்சாரம் எங்கேர்ந்து எடுக்கலாம்னு ஒரு கட்டுரை எழுதிக்கிட்டிருக்கேன், இன்வெர்ட்டருக்குத் தமிழ்ச் சொல் கிடைக்காம நின்னுட்டேன். பேட்டரியில ஒரே திசையில வர்ற நேர்மின்னோட்டத்தை, வீட்டுல வர்ற மாதிரி திசை மாறி மாறி ஓடுற மாறுமின்னோட்டமா மாத்துற கருவி அது. ‘மின்மாற்றி’ன்னே போடலாம்னு ஒருத்தர் சொன்னதை என்னால ஏத்துக்க முடியல. அது ட்ரான்ஸ்ஃபார்மருக்குன்னு பள்ளிக்கூடப் பாடத்துலயே நிலைச்சுப்போன சொல். 12 வோல்ட் பேட்டரியில வெறும் ட்ரான்ஸ்ஃபார்மரை மாட்டினா ஒண்ணும் வராது, நேர்மின்னோட்டத்துல அது வேலையே செய்யாது. சொல்லை நம்பி ஒருத்தர் தப்பான பொருளை வாங்கிடக்கூடாது இல்லையா?

‘திசைமாற்றி’யும் பொருள்படி சரிதான், ஆனா படகு ஓட்டுறவர் காதுல அது சுக்கான்னுதான் விழும்.

நான் சொல்றது ‘அலையாக்கி’. ரெக்டிஃபையருக்கு ஏற்கெனவே அலைத்திருத்தின்னு இருக்கு, அது அலையை நேராக்குது, இது நேரா வர்றதை அலையாக்குது, ரெண்டும் ஜோடியா நிக்குது. அதைவிட முக்கியம், வாங்கும்போது பாக்க வேண்டியதே அந்த அலையைத்தான், வளைவா சீரா ஏறி இறங்குற தூய சைன் அலையா இல்ல படிக்கட்டு மாதிரி வெட்டு வெட்டா வர்றதான்னு, ஏன்னா வெட்டு அலையில ஃப்ரிட்ஜ் மோட்டார் கூடுதலா சூடாகும், இரைச்சலும் வரும். கடல் அலைன்னு கொழம்புவாங்கன்னா முதல் தடவை ‘மின் அலையாக்கி’ன்னு எழுதிட்டாப் போச்சு.

‘ஆக்கி’ன்னா மின்னாக்கி, அதாவது ஜெனரேட்டர் மாதிரி ஆயிடுமேங்கிற கவலை நியாயமானது. இது மின்சாரத்தை உண்டாக்கல, பேட்டரியில இருக்கறதை உருமாத்துது, அவ்வளவுதான். 1500 வாட் இழுக்கிற மைக்ரோவேவுக்கு 12 வோல்ட் பக்கம் 125 ஆம்பியர், இழப்பையும் சேத்தா 140 கிட்ட வரும். அரை மணி நேரம் ஓடினா 70 ஆம்பியர்-மணி காலி, 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில பாதிக்கு மேல அடிக்கடி எடுத்தாலே ஆயுசு கொறஞ்சிடும். அதனால சூடு பண்ற சாமானுக்கெல்லாம் ஜெனரேட்டரோ, துறையில கட்டியிருக்கும்போது கேபிள் போட்டு எடுக்கிற மின்சாரமோதான் நல்லது. இந்த ரெண்டாவதுக்கு ‘கரைமின்’ போதும், ‘கடற்கரை மின்சாரம்’ வேண்டாம், ஆத்துலயும் படகு இருக்கே.

இன்னொண்ணுக்குத்தான் சொல் அமையல. எஞ்சினைக் கிளப்புற பேட்டரி தனி, விளக்கு ஃப்ரிட்ஜுக்கான பேட்டரி தனின்னு பிரிச்சு வைக்கணும், இல்லேன்னா ராத்திரி ஃப்ரிட்ஜ் ஓடி காலையில எஞ்சின் கிளம்பாது. இந்த ரெண்டாவது பேட்டரிக்கு ‘புழங்கு பேட்டரி’ன்னு வச்சிருக்கேன். ‘புழங்குகலம்’னு சுருக்கலாம்னு பாத்தா, கலம்னாலே படகுன்னும் ஒரு பொருள் இருக்கு. வேற ஏதாவது தோணுதா?